உப்புமூட்டை

பிப்ரவரி 3, திங்கள்

இந்த வருட டைரியை ஆபீஸில் இன்றுதான் கொடுத்தார்கள். ஒரு மாதம் வெறும் தாளாகவே போய்விட்டது. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் எழுதுவார். எத்தனை லென்ஸ் உடைந்தது, யார் எந்தச் சாவியை வாங்கிப்போனார்கள் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். அவர் போன பிறகு இயற்பியல் ஆய்வக உதவியாளர் வேலை எனக்கு வந்தது, டைரியும் கூடவே வந்தது. பதினான்கு வருடமாகிறது. முதல் பக்கத்தில் ‘கே. மைனாவதி’ என்று எழுதிக்கொண்டேன்.

காலை எட்டே முக்காலுக்கு நித்திலா வந்தாள். எம்.எஸ்சி. முதல் வருடம். தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துபோகிற நோய் அவளுக்கு. ஒன்பதாம் வகுப்பு வரை நடந்த பிள்ளை, இப்போது சக்கர நாற்காலி. அவள் அப்பா சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். வகுப்பு இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. நான் குனிந்து முதுகைக் கொடுப்பேன். அவளுடைய தோழி ஹசீனா தூக்கி ஏற்றிவிடுவாள். நித்திலா உப்புமூட்டை மாதிரி என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். வாட்ச்மேன் ரங்கண்ணன் நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு வருவார். நாற்பத்து நான்கு படி. மாலையில் அதேபோல இறக்கம். பி.எஸ்சி. மூன்று வருடமும் முதல் மாடிதான், பாதிப் படி. அதையும் சேர்த்தால் இது நான்காவது வருடம்.

போன வருடம் பேப்பரில் எங்கள் படம் வந்தது. ‘தாயுள்ளம்’ என்று தலைப்பு. கல்லூரி முதல்வர் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். தர மதிப்பீட்டுக் குழு வந்தபோது என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்திக் காட்டினார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இன்று முதல் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்று ஏறினேன். இடுப்பில் லேசான பிடிப்பு. பனி இன்னும் விடவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஆய்வகத்தில் மூன்று மின்மாற்றிகளைத் துடைத்து வைத்தேன். ஒன்றில் கம்பி போய்விட்டது.

என் மகள் சிந்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நேற்று என் பையைத் துழாவியிருக்கிறாள்.

“யாருக்கும்மா இத்தன வலி மாத்திரை?”

“லேப்புல ஒரு அவசரத்துக்கு வெச்சிருக்கோணும்ல.”

அவள் நம்பின மாதிரிதான் இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று படியில் ஒரு சின்னச் சறுக்கல்.

மாலை நாலேகால் இருக்கும். மணியடித்துக் கூட்டமெல்லாம் போய்விட்டது. ஹசீனா லீவு. ரங்கண்ணன் நாற்காலியோடு முன்னாலேயே இறங்கிவிட்டார். முதல் மாடிக்குக் கீழே ஆறாவதோ ஏழாவதோ படி. நித்திலா பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அழவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“ஸாரிங்க்கா. என் கைதான் விட்டுருச்சு. இப்பெல்லாம் புடி நிக்கவே மாட்டேங்குது.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“உங்களுக்கு எங்கயாச்சும் அடிபட்டுருச்சாக்கா?”

“இல்ல கண்ணு.”

“யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க மேல பழியப் போட்டுருவாங்க. வீட்ல பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு நான் சொல்லிக்கறேன்.”

எப்படி மறுபடி எழுந்தேன், எப்படி அவளைக் கீழே கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. ரங்கண்ணன், “என்னம்மா இவ்வளவு நேரம்?” என்றார். செருப்பு அறுந்துவிட்டது என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

நித்திலா வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வரவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணிக்கட்டு எலும்பில் விரிசலாம். இரண்டு வாரம் அசைக்கக்கூடாதாம்.

“பாத்ரூம்ல விழுந்துட்டாளுங்க. நாந்தான் சோப்புத் தண்ணிய ஒழுங்காக் கழுவி விடலையாட்ட இருக்குது. எல்லாம் என்ற கவனக்கொறவுங்க” என்று அந்தம்மா அழுதது.

“அழாதீங்க, சரியாப் போயிரும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வந்துவிட்டாள். கையில் பட்டை சுற்றியிருக்கிறது. அவளை முதுகில் ஏற்றியதும், ஒரு பெரிய துண்டை அவள் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டச்சொன்னேன். ஹசீனா இறுக்கிக் கட்டினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினேன். அவள் மூச்சுக்கூட விடவில்லை. நானும்தான்.

மதியம் ஒரு இன்ச் டேப்பை எடுத்து நீட்டினாள். “அக்கா, எனக்காக ஒரு பக்கம் புடிக்கறீங்களா?” ஹசீனா மறுபக்கம் பிடிக்க, இரண்டாம் மாடி வகுப்புக் கதவு, ஆய்வக மேசை உயரம், அப்புறம் கீழே போய்ப் பெண்கள் கழிவறைக் கதவு என்று அளந்து போனில் அவளுக்குச் சொன்னோம். கழிவறைக் கதவு இருபத்திரண்டு இன்ச். அவள் நாற்காலி இருபத்தைந்து.

“இதெல்லாம் எதுக்குக் கண்ணு?”

“சும்மா ஒரு கணக்குங்க்கா. இந்தக் காலேஜ்ல என்னையும் சேத்து ஏழு பேரு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வெச்சிருக்கோம். ஹிஸ்டரில ஒரு பையனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. காமர்ஸ்ல ஒரு பொண்ணு ஊன்றுகோல்ல வர்றா. எல்லார்கிட்டயும் கேட்டுட்டு இருக்கேன்.”

பிப்ரவரி 27, வியாழன்

முதல்வர் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். நித்திலா உள்ளே இருந்தாள். மனு கொடுத்திருக்கிறாள். எம்.எஸ்சி. வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும், கழிவறைக் கதவை அகலப்படுத்த வேண்டும், லிஃப்ட் வைக்க வேண்டும் என்று.

கண்காணிப்பாளர் லோகநாதன் சார் கை கட்டிக்கொண்டு நின்றார். ஆபீஸ் முழுக்க அவர் பொறுப்பு. முதல்வர் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

“மைனாவதி இருக்கறப்ப உனக்கென்னம்மா கொறை? பெத்த தாயாட்டத் தூக்கிட்டுப் போறாங்க. பேப்பர்ல எல்லாம் வந்துச்சே.” கையைச் சுவர்ப் பக்கம் காட்டினார். நான் டம்ளரோடு கதவருகே நின்றுவிட்டேன்.

“அவங்க லீவு போட்டா எனக்கும் லீவுங்க சார்” என்றாள் நித்திலா. “அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா எனக்கு இன்டர்னல் மார்க் போவுது. காலைல எட்டு மணிக்கு மேல நான் தண்ணி குடிக்கறதில்ல. ஏன்னா டாய்லெட் கீழ இருக்குது, அந்தக் கதவுல என் சேர் நுழையாது. அவங்க மனுஷி சார். லிஃப்ட் இல்ல.”

“பழைய கட்டடம்மா இது. உடனே எப்படி?”

“பழைய கட்டடத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல அஞ்சு வருசம் டைம் குடுத்தாங்க சார். அது முடிஞ்சே போச்சு.”

முதல்வர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பரிசீலிக்கிறோம் என்றார்.

வெளியே வந்ததும் நான் அவளைப் பார்க்கவில்லை. நான்கு வருடம் முதுகில் சுமந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லிஃப்ட் இல்லை என்று சொல்கிறாள். என்னை ஒரு சாமானாக நினைத்துத்தான் இத்தனை நாள் ஏறினாளா? மாலையில் இறக்கிவிட்டபோது, “வர்றனுங்க்கா” என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 3, திங்கள்

பரிசீலனை முடிந்துவிட்டதாம். கீழ்த்தளத்தில் காலி அறை இல்லை என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

நித்திலா இன்று மாடி ஏறவில்லை. படிக்கட்டின் அடியில் நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். நான் வழக்கம்போலக் குனிந்தேன்.

“வேண்டாங்க்கா. இனி யாரும் என்னத் தூக்க வேண்டாம்.”

“ஏன், நான் எதாச்சும் சொன்னனா?”

“நீங்க ஒண்ணுமே சொல்லலைங்க்கா.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது. ஹசீனா மேலே வகுப்பில் போனைப் பெஞ்சில் நிறுத்தி வைக்க, இவள் கீழே காதில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்டாள். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

மார்ச் 5, புதன்

இன்றும் அங்கேயேதான். ஊன்றுகோல் வைத்த காமர்ஸ் பெண்ணும் வந்து அவளோடு உட்கார்ந்திருக்கிறது. வெயில் நேராக அடித்ததால் நான் ஒரு சாக்குத் துணியைக் கட்டித் தொங்கவிட்டேன். லோகநாதன் சார் வந்து, “யாரு கட்டுனது? அவுத்து எடு” என்றார். எடுத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மாநில ஆணையருக்குப் புகார் போய்விட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அளவு, படம் எல்லாம் இணைத்திருக்கிறார்களாம். ஆபீஸில் இன்று வேறு பேச்சே இல்லை.

“இவ்வளவு செஞ்சதுக்கு இதுதான் மரியாதை” என்றார் லோகநாதன் சார். “இந்த டேப்ப வெச்சு அளந்தது யாரு? உள்ளாள் யாரோ ஒத்தாசை பண்ணியிருக்கோணும்.”

நான் லென்ஸ் துடைக்கப் போய்விட்டேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

மார்ச் 19, புதன்

நோட்டீஸ் வந்துவிட்டது. ஏப்ரல் மூன்றாம் தேதி ஈரோட்டில் நேரடி விசாரணை.

மதியம் மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முதல்வர், லோகநாதன் சார் இரண்டு பேரும் இருந்தார்கள். தட்டச்சு செய்த தாள் ஒன்று மேசையில் இருந்தது.

“படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடும்மா. நீ செய்யறதத்தான் எழுதியிருக்குது.”

படித்தேன். ‘மேற்படி மாணவியை நான்கு ஆண்டுகளாக நான் மனமுவந்து, பாதுகாப்பாக வகுப்பறைக்கு அழைத்துச் சென்று வருகிறேன். இந்நாள்வரை எவ்வித அசம்பாவிதமும் நிகழ்ந்ததில்லை. இனியும் இப்பணியைத் தொடர்ந்து செய்ய நல்ல உடல்நலத்துடன் இருக்கிறேன்.’

“என்ன யோசிக்கிற?” என்றார் லோகநாதன் சார். “அசம்பாவிதம் எதாச்சும் நடந்துச்சா?”

முதல்வரும் நிமிர்ந்து பார்த்தார். 

“இல்லீங்க சார்.”

“அப்பறம் என்ன?”

போட்டுவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

லேப் வேலை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நித்திலா வீட்டுக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று வழி நெடுக எனக்கே தெரியவில்லை. வாய்க்கால் தாண்டி இரண்டாவது வீதி. அவள் அம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டது. “நீங்க இல்லீனா எம்புள்ள படிச்சிருக்கவே மாட்டாளுங்க” என்றது. காபி போட உள்ளே போனது.

நித்திலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அக்காவின் ஐந்து மாதக் குழந்தை தூங்கியது. நான் எடுத்து அவளிடம் கொடுக்கப் போனேன்.

“வேண்டாங்க்கா, நான் தூக்கறதில்ல.” சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“கோவமாக் கண்ணு என்மேல?”

“உங்க மேல எதுக்குங்க்கா கோவம்? நீங்கதான் மூஞ்சி குடுத்தே பேசறதில்ல.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். “எதுக்கு இந்தப் புகார்னு உங்களுக்கு நான் சொல்லியிருக்கோணும். அன்னைக்கு விழுந்தம் பாருங்க, அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. கை போக ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வருசம் உங்க கழுத்தப் புடிக்கவே முடியாது. உங்களையும் சேத்துத் தள்ளி விட்டுருவேன். அதுக்குள்ள கீழ வகுப்பு வந்துட்டா எம்.எஸ்சி. முடிச்சிரலாம்.”

“புகார்ல அத எழுதியிருக்கியா? விழுந்தத?”

“எழுதல. உங்க வேலைக்கு வந்துரும். வக்கீல் அண்ணா ஒருத்தரு, எதாச்சும் விபத்து நடந்திருக்கான்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. இல்லேன்னுட்டேன். அது இருந்தா கேஸ் நெம்ப வலுவா இருக்குமாம்.”

அவள் அம்மா காபியோடு வந்துவிட்டது. சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன். பாதி குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. சிந்துதான் இரண்டு கையையும் பிடித்து உட்கார வைத்தாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எத்தனை வருசமா இந்த வலி?” என்றார்.

“இப்பத்தானுங்க. ஒரு மாசமா.”

“இது ஒரு மாசத்து வேலை இல்ல. ரெண்டு இடத்துல தட்டு விலகி நரம்ப அழுத்துது. திடீர்னு கால் மரத்து, இடுப்பு புடிச்சு நின்னுடுமே, அந்த மாதிரி வந்திருக்கா?”

சிந்து என் முகத்தையே பார்த்தாள்.

“ரெண்டு மூணு வாட்டி வந்துதுங்க” என்றேன்.

வெளியே மருந்துச் சீட்டோடு நிற்கும்போது அவள் கேட்டாள். “படியில, அந்தப் புள்ள முதுகுல இருக்கறப்ப வந்துதாம்மா?”

பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மெடிக்கல் லீவு கேட்டேன். லோகநாதன் சார், “மூணாம் தேதி வந்துட்டு அப்பறம் லீவு எடு. ‘நல்ல உடல்நலத்துடன்’னு எழுதிக் குடுத்துட்டு நீ படுத்துட்டா எப்பிடி?” என்றார். சர்ட்டிபிகேட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லூரிக் காரில் போனோம். முன் இருக்கையில் முதல்வர், பின்னால் லோகநாதன் சாரும் நானும்.  பெருந்துறை தாண்டியதும் லோகநாதன் சார் சொன்னார். “விசாரிக்கற அந்தம்மா கேட்டா, அந்தத் தாள்ல இருக்கறதச் சொல்லு. அதுக்கு மேல வேண்டாம்.”

விசாரணை ஒரு பெரிய ஹாலில். நித்திலா, அவள் அப்பா, ஹசீனா, ஊன்றுகோல் பெண், கண் சரியாகத் தெரியாத பையன் எல்லாரும் வந்திருந்தார்கள். விசாரிக்கிறவர் ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசினார். நித்திலாவை முதலில் கேட்டார். அவள் கழிவறைக் கதவு அளவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பதைச் சொன்னபோது அவள் அப்பா குனிந்துகொண்டார். அவருக்கே அது தெரியாது போல.

முதல்வர் எழுந்து, கல்லூரி நிதி நிலைமை, கட்டடத்தின் வயது எல்லாம் சொல்லிவிட்டு, “மாணவிக்கு எந்தச் சிரமமும் வராதபடி மனிதாபிமான அடிப்படையில் ஏற்பாடு செஞ்சிருக்கோம் மேடம். நாலு வருசத்துல ஒரு சின்னக் கீறல்கூட விழல. சம்பந்தப்பட்ட ஊழியரே வந்திருக்காங்க” என்றார்.

அந்த அம்மா தாளை எடுத்துப் படித்தார். “மைனாவதி யாரு?”

எழுந்து நின்றேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க.”

“இதுல இருக்கறதெல்லாம் உண்மைதானே?”

நித்திலா என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல. என்னைக் காப்பாற்றுகிறாளாம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“கையெழுத்து என்னுதுதானுங்க. எழுதுனது பொய்யிங்க.”

லோகநாதன் சாரின் நாற்காலி கிறீச்சிட்டது. “மேடம், அவங்களுக்கு உடம்பு சரியில்ல, என்ன பேசறோம்னு…”

“அவங்க பேசட்டும்” என்றார் அந்த அம்மா.

“பிப்ரவரி பதினொண்ணாம் தேதி சாயங்காலம் நாலேகாலுக்குப் புள்ளையக் கீழ போட்டுட்டனுங்க. மணிக்கட்டு எலும்பு உட்டுப்போச்சு. வீட்ல பாத்ரூம்ல வழுக்குச்சுன்னு சொல்லிக்கிச்சு. எனக்காவத்தான் அப்பிடிச் சொல்லுச்சு.”

 நித்திலாவின் அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத வேண்டாம்.

“எப்படி விழுந்தீங்க?”

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை.

“அது தன்ற கை விட்டுருச்சுன்னு நெனச்சுட்டு இருக்குதுங்க. கை விடலீங்க. கழுத்த நல்லாத்தான் புடிச்சிருந்துது. எனக்கு இடுப்பு புடிச்சு, ஒரு காலு மரத்துப் போச்சுங்க. அப்பிடியே சாஞ்சுட்டேன். ரெண்டு வருசமா இப்பிடி வருதுங்க. சொன்னா தூக்கற வேலைக்கு வேற ஆளப் போட்டுருவாங்கன்னு சொல்லல.” பையிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். “அந்தப் புள்ள ஸாரி சொல்லுச்சுங்க. நான் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்.”

அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு முதல்வரிடம் கேட்டார். “இந்த வேலை இவங்க பணி விவரத்துல எங்கயாவது இருக்கா?”

முதல்வர் லோகநாதன் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில் நித்திலா நாற்காலியை ஓட்டிக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன். எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

“ரெண்டு மாசமாங்க்கா” என்றாள். “என் கை போச்சு, போச்சுன்னு ரெண்டு மாசமா தினமும் காலைல எந்திரிச்சு விரல ஆட்டிப் பாத்துட்டு இருக்கேன். அக்கா கொழந்தைய நான் தொடறதில்ல, போட்ருவேன்னு. தனியாக் கட்டில்ல இருந்து சேருக்கு மாறுவேன், அதையும் விட்டுட்டேன். அம்மா தெனம் சோப்புத் தண்ணியக் கழுவிக் கழுவி அழுவுது. எங்க வீட்டுக்கு வந்தீங்க. காபி குடிச்சீங்க. அப்பக்கூடச் சொல்லலியே.”

“கண்ணு…”

“அப்பிடிக் கூப்பிடாதீங்க.”

அவள் அப்பா வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கல்லூரிக் காரில் என்னை ஏற்றவில்லை. பஸ் பிடித்து வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மெமோ. உண்மையை மறைத்ததற்கும் நிர்வாகத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். சிந்து எழுதித் தருகிறேன் என்றாள். நானே எழுதுகிறேன் என்றேன். நான்கு வரிதான் வந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

முதல்வர் அறையில் பேப்பர் படம் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. எம்.எஸ்சி. வகுப்பு ஒரு வாரத்துக்குள் கீழ்த்தளத்துக்கு மாற வேண்டும். ஒரு மாதத்தில் சாய்தளமும் கழிவறையும். லிஃப்டுக்கு ஆறு மாதக் கெடு, அதுவரை மாதா மாதம் அறிக்கை. எந்த மாணவரையும் ஊழியர்களைக் கொண்டு தூக்கி ஏற்றுவதை வசதி ஏற்பாடாகக் காட்டக்கூடாது. உண்மையைச் சொன்ன ஊழியர்மேல் அதற்காக நடவடிக்கை கூடாது என்றும் கடைசியில் ஒரு வரி.

வேலை தப்பியது. ஆனால் ஆய்வகத்திலிருந்து ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். சாவிக்கொத்தை ஒப்படைத்தேன். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்கள் கையில் இருந்த சாவி. போகட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலி அறையே இல்லை என்றார்கள். பழைய பெஞ்சும் உடைந்த நாற்காலியும் அடைத்து வைத்திருந்த கிடங்கு இரண்டு நாளில் வகுப்பாகிவிட்டது. நானும்தான் கூட்டினேன்.

நித்திலா ஒன்பதுக்கு வந்தாள். வாசலிலிருந்து யாரும் தொடாமல் நேராகத் தன் வகுப்புக்குள் போனாள். நான் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்து போய்விட்டேன், வாசல்வரை. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தேன். அவள் பார்த்தாள். பேசவில்லை.

முதுகு இப்படி வெறுமையாக இருந்து எனக்குப் பழக்கமில்லை.

மே 9, வெள்ளி

அவளுக்கு இந்த வருடத்தின் கடைசிப் பரீட்சை. புதுக் கழிவறைக்குக் கதவு மாட்டினார்கள், முப்பத்தாறு இன்ச். நான் அளக்கவில்லை, ஆசாரி சொன்னார்.

ஜூன் 4, புதன்

அட்மிஷன் கூட்டம். விண்ணப்பக் கவுன்டர் முதல் மாடி ஆபீஸில். எனக்கு டோக்கன் கொடுக்கிற வேலை.

பதினொரு மணிக்கு அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் மாதேஸ்வரன். இரண்டு காலும் சூம்பியவர், கையில் செருப்பை மாட்டிக்கொண்டு தரையோடு நகர்ந்து வருகிறவர். எம்.ஏ. தமிழில் சேர வேண்டுமாம். தபாலில் பி.ஏ. முடித்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. கவுன்டர் மேலே என்றதும் ஒன்றும் பேசாமல் முதல் படியில் கையை ஊன்றினார். அந்தச் சட்டை படியில் தேய்ந்தது.

லோகநாதன் சார் மேலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா மைனாவதி, சும்மா நிக்கற? வாட்ச்மேனும் நீயுமாச் சேந்து ஒரு கை குடுத்து மேல கொண்டாங்க. பழக்கந்தானே உனக்கு?”

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். ரங்கண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேவிட்டார். அந்த மனிதரும் கையை ஊன்றியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். தூக்கிவிடுவார்கள் என்று பழகிப்போன முகம். அந்த முகம் எனக்குத் தெரியும்.

“தூக்க முடியாதுங்க சார்” என்றேன்.

“என்னது?”

“தூக்க மாட்டேன். யாரும் தூக்கக்கூடாதுன்னு உத்தரவு இருக்குது. கவுன்டரக் கீழ கொண்டாங்க.”

“விளையாடறியா? இத்தன கூட்டத்துல?”

“ஒரு டேபிள், ரெண்டு சேர், ஒரு கட்டு விண்ணப்பம். அதத் தூக்கச் சொல்லுங்க, ஆளு இருக்குது. இவர ஏன் தூக்கறீங்க?”

 இன்னொரு மெமோ வரும் என்று நினைத்துக்கொண்டேன். லோகநாதன் சார் முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “அந்தம்மா சொல்றது ஞாயந்தானுங்களே. எங்களுக்கும் மேல ஏறி எறங்கறது மிச்சம்” என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ரங்கண்ணனும் ஒரு கிளார்க்கும் மேசையைப் பக்கவாட்டில் சாய்த்துப் படி வழியாக இறக்கினார்கள். கடைசியில் விண்ணப்பக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லோகநாதன் சாரும் இறங்கி வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மாதேஸ்வரன் படியிலிருந்து கையை எடுத்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, பேனாவை உதறிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்தது. டோக்கன் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சக்கரம் நிற்கிற சத்தம். நித்திலா. ப்ராஜெக்ட் விஷயமாக வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாள் என்று தெரியவில்லை. மேசையைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

“இடுப்பு எப்பிடி இருக்குதுங்க்கா?”

பரவாயில்லை என்றுதான் வாய்வரை வந்தது.

“வலிக்குது” என்றேன். “நெம்ப வலிக்குது.”

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, எனக்குப் பக்கத்தில் கிடந்த காலி ஸ்டூலைக் கையால் இழுத்து என் முன்னால் தள்ளினாள். நான் உட்கார்ந்தேன்.